சுழலும் தண்டின் சீரின்மை: மோட்டார் வாகன நடுக்கத்தை அறிந்த வரலாறு

மோட்டார் வாகனமொன்று நேர்வீதியிற் சமகதியோடு செல்லும்போது அமைதியாக ஓடுகின்றது. சாரதி அக்சிலறேற்றரை மிதித்து அதனை ஆர்முடுகச் செய்யும் வேளையில் வாகனத்தின் உடல் முழுவதும் நடுங்குகின்றது. பாதத்தைச் சற்றுத் தளர்த்தியதும் அந்நடுக்கம் வந்த சுவடு தெரியாது மறைந்துவிடுகின்றது. வாகனம் வைத்திருப்போர் பலரும் அறிந்த இக்குறைபாட்டுக்குப் பல வேளைகளிற் பிழையான மருத்துவமே செய்யப்படுகின்றது. ரயர்கள் மாற்றப்படும், சில்லுகள் சமநிலைப்படுத்தப்படும், எஞ்சின் செப்பஞ் செய்யப்படும். பணம் செலவாகும், நடுக்கம் மட்டும் எஞ்சும்.

இதற்குக் காரணம் திருத்துவோரின் கவனக்குறைவு மாத்திரமன்று. இந்நடுக்கத்தின் வேர், மோட்டார் வாகனம் தோன்றுவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகவே கேத்திரகணித வினாவொன்றில் ஊன்றியிருந்தது. ஒன்றுக்கொன்று சாய்வாக அமைந்த இரு தண்டுகளை இணைத்து, ஒன்று சுழலும் வேகத்திலேயே மற்றதையும் சுழலச் செய்வது எங்ஙனம் என்பதே அவ்வினா. அதற்குக் கூறப்பட்ட விடைகளின் வரலாறே இந்நடுக்கத்தின் வரலாறாகும். அதனைப் புத்தாக்குநர்களின் வெற்றிப் பட்டியலாக எழுதுவது பொதுவழக்கு. கூர்ந்து நோக்குமிடத்து அது வேறொரு தோற்றம் தருகின்றது. ஒவ்வொரு விடையும் சீரின்மையை முற்றாக ஒழித்துவிடவில்லை. அதனை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பெயர்த்தது. பெயர்ந்து சென்ற சீரின்மையைப் பின்தொடர்ந்து கண்டுபிடிக்கும் ஆற்றலே நோயறிதல் எனப்படுவது. அவ்வாற்றல் எவ்வாறு வளர்ந்தது என்பதே ஈண்டு நோக்கத்தக்கது.

1. ஷொட்டின் தவறும் ஹூக்கின் தெளிவும்

ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும் அச்சுகளிற் பொருளொன்றைத் தாங்கவைத்து, தாங்கி எப்பக்கம் சாயினும் பொருள் நிலைகுலையாதிருக்கச் செய்யும் அமைப்பு மிகப் பழைமையானது. கி. மு. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பைசாந்தியத்துப் பைலோவின் எழுத்துகளில் இவ்வமைப்பு விவரிக்கப்பட்டுள்ளது. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் கணிதவறிஞரான ஜெரோலாமோ கார்டானோ இதனைப் பற்றி எழுதினார். அவர் இதனைப் புதிதாய் ஆக்கியவரல்லர். எனினும் அவர் பெயரே ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இம்மூட்டுக்கு நிலைத்துவிட்டது.

தாங்கும் அமைப்பாயிருந்த இதனைச் சுழற்சியைக் கடத்தும் மூட்டாகப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் 17ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றது. கவை வடிவான இரு தண்டு முனைகளை ஒரு சிலுவைத் துண்டினால் இணைப்பின், தண்டுகள் ஒன்றுக்கொன்று சாய்ந்திருந்தாலும் சுழற்சி கடத்தப்படும். ஜெர்மனிய யேசுசபைத் துறவியான காஸ்பர் ஷொட் 1664இல் வெளியிட்ட நூலில் இம்மூட்டை விவரித்தார். ஆயின் இரு தண்டுகளும் எக்கணத்திலும் ஒரே வேகத்திற் சுழலும் என அவர் கருதினார். அது தவறாகும்.

இத்தவறு எளிதில் நேரக்கூடியது. ஒரு தண்டு முழுச் சுற்றொன்றை முடிக்கும்போது மற்றதும் முழுச் சுற்றொன்றை முடித்தேயாகும். சுற்றுகளை எண்ணுபவனுக்கு இரண்டும் சமமாகவே தோன்றும். வேறுபாடு சுற்றுகளின் எண்ணிக்கையில் இல்லை. ஒரு சுற்றின் உள்ளே மறைந்துள்ளது. சராசரியைக் கண்டு கணத்தைக் காணாது விடுதல் ஷொட்டுக்கு மாத்திரம் உரிய குறையன்று. பின்வந்த நூற்றாண்டுகளிற் பட்டறைகளில் நேர்ந்த பிழைகள் பலவற்றுக்கும் அதுவே மூலம்.

இலண்டன் றோயல் சங்கத்தைச் சேர்ந்த ரொபேட் ஹூக் (1635 - 1703) இதனை ஆராய்ந்து உண்மையைக் கண்டார். சூரியனை நோக்கும் கருவிகள் பற்றி அவர் 1676இல் வெளியிட்ட நூலில் இம்மூட்டு விளக்கப்பட்டது. ஓட்டும் தண்டு சீராகச் சுழல, ஓட்டப்படும் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை முந்தியும் இருமுறை பிந்தியும் சுழல்கின்றது. தண்டுகளுக்கிடையிலான கோணத்தின் கோசைன் பெறுமானமே இவ்வேறுபாட்டை நிருணயிக்கும். கோணம் 3 பாகையாயின் வேறுபாடு நூற்றுக்கு 0.14 அளவே, புறக்கணிக்கத்தக்கது. 10 பாகையாயின் அது 1.5 ஆகும். 30 பாகையாயின் ஓட்டப்படும் தண்டின் வேகம் ஒரு வேளை நூற்றுக்கு 13.4 குறைந்தும் மற்றொரு வேளை 15.5 கூடியும் நிற்கும்.

ஹூக் இதனைக் குறையாகக் கருதவில்லை என்பது சுவையான செய்தி. சூரியக் கடிகாரத் தட்டில் நிழல் நகரும் வேகமும் சீரற்றது. அதன் சீரின்மையும் இதே வகைச் சமன்பாட்டுக்கு அமைவது. ஆதலின் சீராக ஓடும் மணிப்பொறியொன்றை இம்மூட்டினூடாக இணைப்பின், நிழலின் ஓட்டத்தை அவ்வாறே பின்பற்றும் முள்ளொன்றைப் பெறலாம் என அவர் கண்டார். பின்னர் நூற்றாண்டுகள் பலவாக நோய் எனக் கொள்ளப்பட்டது, கண்டறியப்பட்ட வேளையில் ஒரு பயனாகவே போற்றப்பட்டது. சீரின்மையை நீக்க வேண்டியவிடத்து இவ்வகை மூட்டுகள் இரண்டை ஓர் இடைத்தண்டின் இரு முனைகளிலும் அமைத்து, முதலாவது செய்த பிழையை இரண்டாவது ஈடுசெய்யுமாறு செய்யலாம் என்பதையும் அவரே முன்மொழிந்தார். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ரொபேட் வில்லிசும் பிரான்சின் பொன்சலேயும் இதன் இயக்கத்தைக் கணிதமுறையில் விரித்தாராய்ந்தனர்.

2. வீதிக்கு வந்த மூட்டு

தொடக்ககால மோட்டார் வாகனங்கள் பலவற்றில் எஞ்சினின் வலு சங்கிலியினாற் பின்சில்லுகளுக்குக் கடத்தப்பட்டது. சங்கிலி இரைந்தது, புழுதியுண்டு தேய்ந்தது, அடிக்கடி எண்ணெய் வேண்டியது. 1898இல் பிரான்சின் லூயி றெனோ தமது சிறு வாகனத்திற் சங்கிலிக்குப் பதிலாகச் செலுத்துதண்டொன்றைப் பயன்படுத்தினார். ஐக்கிய அமெரிக்காவிற் கோர்னெல் பல்கலைக்கழகத்து மாணவராயிருந்த கிளாரன்ஸ் ஸ்பைசர் மோட்டார் வாகனத்துக்கேற்ற ஹூக் மூட்டுக்கு 1903இல் ஆக்கவுரிமை பெற்று, 1904இல் நியூ ஜேர்சி மாநிலத்தின் பிளேன்பீல்ட் நகரில் அதன் உற்பத்தியைத் தொடங்கினார். இன்று பட்டறைகளில் 'யூனிவேர்சல் ஜொயின்ற்' என வழங்கப்படுவது இம்மூட்டே.

வாகனத்தில் எஞ்சின் சட்டகத்தோடு பிணைந்துள்ளது. பின்னச்சோ வில்லுத் தகடுகளின்மீது மேலும் கீழும் அசைகின்றது. ஆதலின் இரண்டையும் இணைக்கும் தண்டு எப்பொழுதும் சாய்வுடனேயே சுழல வேண்டும். ஹூக்கின் இருமூட்டுத் தீர்வு இங்குப் பயன்பட்டது. ஆயின் அத்தீர்வு இரு நிபந்தனைகளுக்கு உட்பட்டது. இடைத்தண்டின் இரு முனைகளிலுமுள்ள கவைகள் ஒரே தளத்தில் இருத்தல் வேண்டும். இரு மூட்டுகளின் கோணங்களும் சமமாயிருத்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று பிறழினும் ஈடுசெய்தல் பிறழும்.

முதல் நிபந்தனையைப் பட்டறையே குலைக்கக்கூடும். செலுத்துதண்டு நீளவும் குறுகவும் வேண்டியிருப்பதால் அதன் ஒரு முனை வரிப்பற்களின்மீது வழுக்குமாறு அமைக்கப்படும். அதனைக் கழற்றும்போது இரு பகுதிகளிலும் அடையாளமிடாது விட்டு, மீளப் பூட்டும்போது ஒரு பல் தள்ளிப் பூட்டிவிடின் கவைகள் ஒரே தளத்தில் அமையா. புதிய உதிரிப்பாகமே இட்டிருப்பினும் வாகனம் முன்னிலும் மோசமாக நடுங்கும். உற்பத்தியாளர் பலர் தண்டின் மீது அம்புக்குறிகளைப் பொறித்து வைப்பது இதன் பொருட்டேயாகும்.

இரண்டாம் நிபந்தனையை ஆர்முடுகலே குலைக்கின்றது. சில்லுகளை முன்னோக்கிச் சுழற்றும் முறுக்கத்துக்கு எதிர்த்தாக்கமாகப் பின்னச்சின் உறை மறுபக்கம் திரும்ப முயல்கின்றது. அம்முயற்சியை வில்லுத் தகடுகளே தாங்குகின்றன. தகடுகள் தளர்ந்திருப்பின், அவற்றை அச்சோடு பிணைக்கும் வளையாணிகள் இளகியிருப்பின், அச்சுறையின் முன்முகம் மேலெழும், பின்மூட்டின் கோணம் மாறும், சமம் குலையும். பாதத்தைத் தளர்த்தியதும் அச்சு தன் நிலைக்கு மீளும், நடுக்கம் மறையும். நின்ற நிலையில் வாகனத்தைச் சோதிப்பவனுக்கு எக்குறையும் தென்படாமைக்கு இதுவே காரணம்.

மேலும், இரு நிபந்தனைகளும் சரிவரப் பொருந்திய வேளையிலும் இடைத்தண்டு சீரற்றே சுழல்கின்றது. இரு முனைகளிலும் சீர், நடுவிலே சீரின்மை. கோணத்தில் நிற்கும் மூட்டு, கடத்தப்படும் முறுக்கத்துக்கு ஏற்ப, தன்னைத் தாங்கும் போதிகைகளையும் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை அசைக்கின்றது. ஆயின் கோணத்தைப் பூச்சியமாக்கி இத்தொல்லையைத் தவிர்த்தலும் இயலாது. கோணமின்றி ஓடும் மூட்டில் ஊசிப்போதிகைகள் நகராது ஒரே இடத்தை அழுத்திச் சிலுவையிற் பள்ளங்களைத் தோற்றுவிக்கும். ஆகவே சிறு கோணமொன்றை வேண்டுமென்றே விட்டுவைத்தல் வழக்கமாயிற்று. நீடித்துழைத்தலின் பொருட்டுச் சிறிதளவு சீரின்மை ஏற்றுக்கொள்ளப்பட்டது எனலாம்.

3. அதிர்வை எண்ணக் கற்றமை

சுழலும் தண்டுகள் பற்றிய விஞ்ஞானம் வேறொரு திசையிலும் வளர்ந்தது. 1869இல் ஸ்கொத்லாந்துப் பொறியியலறிஞர் ராங்கின், தண்டொன்று குறித்தவொரு கதியை எட்டும்போது வில்லாக வளைந்து ஆபத்து விளைவிக்கும் எனக் காட்டினார். ஆயின் அக்கதிக்கு அப்பாற் தண்டு உறுதியாகச் சுழல இயலாது எனவும் முடிவு செய்தார். சுவீடன் நாட்டின் டி லவால் 1889இல் தமது நீராவிச் சுழலியை நெகிழுந் தண்டின்மீது அமைத்து அக்கதியைத் தாண்டி ஓட்டினார். அது ஏன் இயன்றது என்பதை 1919இல் ஜெவ்கொற் தெளிவாக விளக்கினார். கோட்பாடு இயலாதென்றதைச் செயல் முந்திக் காட்ட, கோட்பாடு பின்வந்து காரணங் கூறிய நிகழ்ச்சி இது. நீண்ட செலுத்துதண்டை இரண்டாகப் பிரித்து நடுவே போதிகையொன்றைத் தாங்கவைக்கும் வழக்கம் இவ்வாபத்துக் கதியைத் தண்டின் ஓட்டத்துக்கு அப்பால் உயர்த்துவதற்காகவே ஏற்பட்டது. அந்நடுப்போதிகையின் இறப்பர் தளர்ந்தால் அதுவே புதியதொரு நடுக்கத்துக்கு இருப்பிடமாகும்.

இதே காலத்தில் ஜெர்மனியின் ஹெர்மன் பிராம் கப்பல்களின் தண்டுகள் முறுக்கதிர்வினாற் பாதிக்கப்படுவதை ஆராய்ந்து 1902இல் முடிவுகளை வெளியிட்டார். வெவ்வேறு நீளமுள்ள உருக்குநாக்குகளை வரிசையாக அமைத்து, அவற்றுள் எது பரிவுற்றுத் துடிக்கின்றது என நோக்கி அதிர்வின் மீடிறனை அறியும் கருவியும் அவர் பெயரோடு இணைந்தது. இக்கருவியின் முக்கியத்துவம் பெரிது. அதுவரை நடுக்கம் 'கடுமையானது', 'இலேசானது' என உணர்வினாற் கூறப்பட்டது. இப்பொழுது அது செக்கனுக்கு எத்தனை முறை என எண்ணினாற் கூறப்படலாயிற்று. எண் கிடைத்தவிடத்து அதன் பிறப்பிடத்தைத் தேடுதலும் இயல்வதாயிற்று.

நோயை அறிவதற்கு மாறாக அதனை உணராதவாறு செய்யும் முயற்சியும் உடன் வளர்ந்தது. 1931இல் ஐக்கிய அமெரிக்காவின் பிளிமத் வாகனங்களில் எஞ்சின் இறப்பர்த் தாங்கிகளின்மீது மிதக்குமாறு அமைக்கப்பட்டது. 1932இல் பிரான்சின் சித்ரொயன் அம்முறையைக் கைக்கொண்டது. எஞ்சினின் துடிப்பு பயணிகளை எட்டாது தடுக்கப்பட்டது. ஆயின் ஆர்முடுகும்போது எஞ்சின் இத்தாங்கிகளிற் சாய்கின்றது. தாங்கி கிழிந்திருப்பின் அச்சாய்வு மிகுந்து தண்டுகளின் கோணத்தையும் மாற்றிவிடும். துடிப்பைத் தடுக்க வந்த உறுப்பே தேய்ந்தபின் துடிப்புக்குக் காரணமாதல் இவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் காணப்படுவது.

4. முன்சில்லு உந்துகையும் மாறாவேக மூட்டும்

பின்சில்லுகளை உந்தும்போது மூட்டுகளின் கோணம் சிறியது. முன்சில்லுகளை உந்த முற்பட்டபோது நிலைமை மாறியது. முன்சில்லு திருப்பப்படுவது; திருப்பும்போது மூட்டின் கோணம் 30 பாகையையும் தாண்டும். ஹூக் மூட்டு அத்தகைய கோணத்தில் சில்லை ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வெட்டி இழுக்க, சுக்கானைப் பிடித்த கை அதனை உணரும்.

எக்கணத்திலும் சமவேகம் தரும் மூட்டுக்கு நிபந்தனையொன்றுண்டு. ஒரு தண்டு மற்றதைத் தொட்டு உந்தும் புள்ளிகள் எப்பொழுதும் இரு தண்டுகளின் கோணத்தையும் சமமாகப் பிரிக்கும் தளத்திலேயே அமைதல் வேண்டும். இந்நிபந்தனையை நிறைவேற்றும் மூட்டொன்றுக்குப் பிரான்சின் பியர் பெனாயும் ஜோன்-அல்பேர் கிறெகுவாரும் 1926இல் ஆக்கவுரிமை பெற்றனர். அவர்களின் 'திராக்தா' வாகனம் 1927இல் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் ஓடியது. ஏறத்தாழ அதே வேளையில் ஐக்கிய அமெரிக்காவில் அல்பிரெட் செப்பா, ஆறு உருக்குக் குண்டுகள் வளைந்த பள்ளங்களில் உருளுமாறு அமைந்த மூட்டை உருவாக்கினார். குண்டுகளைத் தாங்கும் கூடு அவற்றைச் சமகூறிடும் தளத்தில் வைத்திருந்தது. இன்று 'சீ.வீ. ஜொயின்ற்' எனப்படுவதன் மூதாதை இதுவே. எனினும் இத்தகைய மூட்டுகளை நுணுக்கமாகக் கடைதல் அக்காலத்தில் மலிவானதன்று. 1934இல் வெளிவந்த சித்ரொயன் 'திராக்ஷன் அவாங்' பெருந்தொகையாய் உற்பத்தியான முன்னுந்துகை வாகனமாயினும், சில்லின் பக்கத்தில் ஹூக் மூட்டுகள் இரண்டை அருகருகே சேர்த்தே பயன்படுத்தியது. இரண்டாம் உலகப் போரில் நாற்சில்லு உந்துகையுடைய இராணுவ வாகனங்களின் தேவை மாறாவேக மூட்டின் உற்பத்தியைப் பெருக்கியது.

1959ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் இங்கிலாந்தில் வெளியான 'மினி' வாகனமே இம்மூட்டைச் சாதாரண மக்களின் வாகனத்துக்குக் கொணர்ந்தது. அதன் வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்காக வைத்து, சில்லின் பக்கத்திற் செப்பா வகையைச் சேர்ந்த மூட்டைப் பொருத்தினார். உட்பக்கத்தில் இறப்பர் இணைப்பு அமைந்தது. இவ்விறப்பர் எண்ணெய் பட்டும் முறுக்குண்டும் கிழிவதாயிருந்தது. வெளிமூட்டின் வினாவுக்கு விடை கிடைத்தது. வினா உள்மூட்டுக்கு இடம்பெயர்ந்தது.

5. மூன்றாம் எண்ணின் நடுக்கம்

உள்மூட்டின் தேவை வேறு. அதன் கோணம் சிறியது. ஆயின் சில்லு மேலும் கீழும் அசைய, தண்டு நீண்டும் குறுகியும் கொடுக்க வேண்டும். 1960களில் பிரான்சின் மிஷேல் ஒரேன் முக்கவை மூட்டை உருவாக்கினார். தண்டின் முனையில் மூன்று கால்கள். ஒவ்வொன்றிலும் ஓர் உருளை. உருளைகள் கிண்ணத்தினுள் வெட்டப்பட்ட மூன்று பள்ளங்களில் ஓடும். எளிமையும் மலிவும் வாய்ந்த இம்மூட்டு உலகெங்கும் பரவியது.

இதனுள்ளும் சீரின்மை ஒளிந்திருந்தது. தண்டு சாய்ந்து சுழலும்போது உருளைகள் தம் பள்ளங்களில் நேராக உருளாது சற்றுக் கோணலாக இழுபடுகின்றன. அவ்விழுபாட்டின் உராய்வு தண்டை அதன் நீளப்பாட்டில் முன்னும் பின்னும் தள்ளுகின்றது. கால்கள் மூன்றாதலால் ஒவ்வொரு சுற்றிலும் மூன்று முறை இத்தள்ளல் நிகழ்கின்றது. உருளையை அழுத்தும் விசை முறுக்கத்தினால் வருவது. ஆகவே முறுக்கம் கூடக் கூடத் தள்ளலும் கூடும். கடிதாக ஆர்முடுகும்போது வாகனத்தின் முன்புறம் எழும்புவதால் மூட்டின் கோணமும் கூடுகின்றது. இரண்டும் ஒருங்கே கூடும் அக்கணத்தில் வாகனம் இடமும் வலமுமாக நடுங்குகின்றது. நீண்டகாலப் பாவனையிற் பள்ளங்களின் சுவரில் உருளை குழிவிழுத்தியிருப்பின் நடுக்கம் மேலும் வலுக்கும். கதி கூடிச் சமநிலை எய்தியதும், முறுக்கமும் கோணமும் தணிய, வாகனம் அமைதியடையும். தொடக்கத்திற் கூறப்பட்ட நோயின் முழுவரலாறும் இதுவே.

6. நோயறியும் முறை

இவ்வரலாறு முழுவதும் நோயறிதலுக்கு இரு கோல்களைத் தந்துள்ளது. முதலாவது, நடுக்கம் கதியைச் சார்ந்ததா, முறுக்கத்தைச் சார்ந்ததா என்ற வினா. சமநிலையற்ற சில்லு, மிதியை அழுத்தினாலும் விட்டாலும் குறித்த கதியில் நடுங்கவே செய்யும். அழுத்தும்போது மாத்திரம் தோன்றுவதாயின் குற்றம் முறுக்கத்தைக் கடத்தும் பாதையிலாகும். திருப்பும்போது 'கடகட' என்னும் ஒலி கேட்பின் வெளிமூட்டு தேய்ந்ததாகக் கொள்ளலாம். நேராக ஆர்முடுகும்போது நடுங்கின் உள்மூட்டையே முதலில் ஐயுறல் வேண்டும்.

இரண்டாவது கோல் எண். சில்லின் விட்டம் 60 சென்ரிமீற்றராயின் அதன் சுற்றளவு 1.88 மீற்றராகும். மணிக்கு 60 கிலோமீற்றர் கதியில் அது செக்கனுக்கு ஏறத்தாழ 9 முறை சுழலும். சில்லின் சமநிலைக்குறை செக்கனுக்கு 9 அதிர்வுகளைத் தரும். முக்கவை மூட்டு அதன் மும்மடங்காக 26 அல்லது 27 அதிர்வுகளைத் தரும். பின்னுந்துகை வாகனத்தில் இறுதிப் பற்சில்லு விகிதம் 4 ஆயின் செலுத்துதண்டு செக்கனுக்கு 35 முறை சுழலும். தண்டின் சமநிலைக்குறை 35 அதிர்வுகளையும், ஹூக் மூட்டு அதன் இருமடங்கான 71 அதிர்வுகளையும் தரும்.

எனினும் எண் மாத்திரம் போதாத இடமும் உண்டு. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வெடிப்பது. உயர் கியரில் எஞ்சினும் செலுத்துதண்டும் ஒரே வேகத்திற் சுழலுமாயின் எஞ்சினின் துடிப்பும் செக்கனுக்கு 71 ஆகும். இரு குற்றவாளிகளும் ஒரே குரலிற் பேசுகின்றனர். அவ்வேளை கியரை மாற்றி, அதே கதியில் ஓட்டிப் பார்த்தல் வேண்டும். கீழ்க் கியரின் விகிதம் 1.5 ஆயின் எஞ்சினின் துடிப்பு 106 ஆக உயரும். மூட்டின் துடிப்போ 71 ஆகவே நிற்கும். குரல் மாறின் எஞ்சின், மாறாவிடின் தண்டு. 1965இல் கூலியும் ரூக்கியும் வெளியிட்ட விரைவுக் கணிப்புமுறை, கணினியினால் அதிர்வைக் கூறுகளாகப் பிரிப்பதை எளிதாக்கியது. எனினும் கியரை மாற்றி ஓட்டிப் பார்க்கும் தருக்கத்தின் இடத்தை எக்கருவியும் எடுத்துக்கொள்ளவில்லை. கருவி எண்ணைத் தரும். எதனோடு எதனை ஒப்பிடல் வேண்டுமென்பதை ஆய்பவனே தெரிதல் வேண்டும்.

7. இலங்கைப் பட்டறைகளில்

இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனர் இலங்கையின் வீதிகளில் நீடித்து வாழ்ந்த வாகனமாகும். வில்லுத் தகடுகளும் இரு ஹூக் மூட்டுகளும் கொண்ட அதன் பின்னுந்துகை, மேலே கூறிய இரு நிபந்தனைகளின் பாடத்தை இந்நாட்டுத் திருத்துநர் பலருக்குக் கற்பித்தது. 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் உதிரிப்பாகம் அரிதாயிற்று. மாற்றிப் பார்த்து நோயறிதல் என்னும் சோம்பல் வழிக்கு அன்று இடமிருக்கவில்லை. அறிந்த பின்னரே கழற்ற வேண்டியிருந்தது. 1990இன் பின் வடக்கில் நிலவிய பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தின் பழைய மொறிஸ், ஒஸ்ரின் வாகனங்கள் சிறிதளவு பெற்றோலிற் கிளப்பப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் பாரம் ஏறும்போது தானே தட்டுப்பட்டு நடுங்கும். எனவே நடுக்கம் எரிபொருளினால் வந்ததா, தண்டினால் வந்ததா என்னும் ஐயம் அங்கு இரட்டித்தது. நிறுத்திய வாகனத்தில் எஞ்சினை உறுமவைத்துப் பார்த்தல், பின் ஓட்டிப் பார்த்தல், கியரை மாற்றிப் பார்த்தல் என்பன அவ்வையத்தைத் தீர்க்கும் எளிய வழிகள். காதும் கையுமே அங்குக் கருவிகள்.

இதனைக் கொண்டு கைப்பழக்கமே போதுமென முடிவு செய்தல் பொருந்தாது. 1977இன் பின் பெருகிய ஜப்பானிய வாகனங்களுட் பல முன்னுந்துகையுடையனவாக வரத் தொடங்கியபோது, ஹூக் மூட்டிற் பழகிய கைக்கு முக்கவை மூட்டின் நடுக்கம் புதிதாயிருந்தது. சில்லைச் சமநிலைப்படுத்தும் பழைய வழி அதனைத் தீர்க்காது. பழக்கம் முன்னர்க் கண்ட நோயையே அறியும். காணாத நோயை அறிவதற்குக் காரணம் தெரிதல் வேண்டும். அக்காரணம் பிரயோக கணித விரிவுரையிற் சமன்பாடாகவும், பட்டறையில் அனுபவமாகவும் தனித்தனியே வாழுமாயின் இரண்டும் குறைபாடுடையனவே. ஆர்முடுகல், முறுக்கம், மீடிறன், பரிவு எனத் தமிழில் ஆக்கப்பட்ட கலைச்சொற்கள் பரீட்சைத் தாளோடு நின்றுவிடாது வாகனத்தின் அடியிற் படுத்திருப்பவனின் வாயிலும் வழங்கும் நாளிலேயே அவை முழுமை பெறும்.

இவ்வரலாறு முடிந்துவிட்டதன்று. மின்மோட்டாரினால் ஓடும் வாகனங்களில் எஞ்சினின் துடிப்பு இல்லை. ஆயின் புறப்படும் கணத்திலேயே பெருமுறுக்கம் தோன்றுகின்றது. எனவே முன்னர் எஞ்சின் ஓசையில் மறைந்திருந்த மூட்டின் நடுக்கம் அமைதியான இவ்வாகனங்களில் வெளிப்பட்டு நிற்கின்றது. உருளையைக் கால் சாய்ந்தாலும் பள்ளத்தோடு இணையாகவே நிற்கச் செய்யும் புதிய அமைப்புகள் அதனைத் தணிக்கின்றன. தணிக்கப்பட்டது எங்கே இடம்பெயரும் என்பதைப் பின்வருவோர் தேடிக்கொள்வர். முழுச் சுற்றுகள் சமமாயிருத்தலைக் கண்டு உள்ளேயும் எல்லாம் சமம் என ஷொட் நம்பினார். சுற்றின் உள்ளே ஹூக் நோக்கினார். மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் பட்டறையின் வாயிலில் வந்து நிற்கும் ஒவ்வொரு நடுங்கும் வாகனமும் அவ்விருவருள் எவரைப் பின்பற்றுவது என்ற வினாவையே எழுப்புகின்றது.